ஐந்தேகால் விநாடி

கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு ஊர்களை நில அளவைக்காரர்களைத் தவிர வேறு யாரும் நினைவில் வைத்திருக்கக் காரணமில்லை. கலியானா டெல்லிக்கு வடக்கே, முசாஃபர்நகர் பக்கம் இருக்கிறது. கலியான்பூர் அங்கிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தெற்கே, இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சிரோஞ்சுக்கு அருகில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையிலான அட்சரேகை வேறுபாட்டை இரண்டு வழிகளில் கணக்கிட்டது. ஒன்று, தரையில் முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போவது. மற்றொன்று, இரண்டு ஊர்களிலும் இரவில் நட்சத்திரங்களின் உயரக் கோணத்தைப் பார்த்துக் கழித்துக்கொள்வது.

தரைக் கணக்கு 5 பாகை, 23 நிமிடம், 42.294 விநாடி என்றது. வானக் கணக்கு 5 பாகை, 23 நிமிடம், 37.058 விநாடி என்றது. இடைவெளி 5.236 விநாடி. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் கிடைப்பது ஒரு விநாடி. ஐந்தேகால் விநாடியைத் தரையில் விரித்தால் சுமார் 160 மீட்டர் வரும். 600 கிலோமீட்டரில் 160 மீட்டர் பிசகுவதை வேறு யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் அடிக்கோடுகளை அங்குலத் துல்லியத்தில் அளந்துவந்த அந்தக் குழுவுக்கு இது பெரிய தொகை. அளவைப் பணியின் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் இதை அளவைப் பிழையாகக் கருதி, மற்ற முக்கோணங்களுக்குப் பங்கிட்டுச் சரிக்கட்டப் பார்த்தார். கணக்குப்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதுதான்.

வேறொரு சாத்தியமும் இருந்தது. நட்சத்திரத்தின் கோணத்தை அளக்க நேர்செங்குத்து எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே தூக்குக் குண்டு. குண்டு பூமியின் மையத்தை நோக்கித் தொங்குகிறது என்று நம்புகிறோம். பக்கத்தில் ஒரு மாமலை இருந்தால் அதுவும் குண்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும். கலியானா இமயத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கே குண்டு வடக்கே சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். கலியான்பூரில் குறைவாகச் சாயும். வானக் கணக்கு சின்னதாக வந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

கல்கத்தாவின் ஆர்ச்டீக்கனாக இருந்த ஜான் ஹென்றி பிராட் இந்த இழுவையை எண்ணிப் பார்க்க உட்கார்ந்தார். பாதிரியார் என்றாலும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறியவர். இமயத்தையும் அதன் பின்னால் விரியும் திபெத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நிறையையும் மதிப்பிட்டு, குண்டின் மேல் அதன் இழுவையைக் கூட்டினார். கணினி இல்லாத காலத்தில் இது எவ்வளவு அலுப்பான வேலை என்று யோசித்துப் பாருங்கள். 1855-இல் வெளியான அவருடைய கட்டுரை ஏறக்குறைய ஐம்பது பக்கம் ஓடுகிறது.

முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. மலை இழுத்திருக்க வேண்டிய அளவு 15.885 விநாடி. உண்மையில் இழுத்தது 5.236 மட்டுமே. அதாவது மூன்றில் ஒரு பங்கு. இதுவரை மலையைக் கணக்கில் சேர்க்காததுதான் சிக்கல் என்று நினைத்திருந்தார்கள். சேர்த்த பிறகு சிக்கல் இரட்டிப்பாகிவிட்டது. கண்ணெதிரே நிற்கும் இமயம், இருக்க வேண்டிய கனத்தோடு இல்லை!

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1738-இல் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே, இன்றைய எக்வடாரில் உள்ள சிம்பொராசோ எரிமலையின் சரிவில் நின்று இதே சோதனையைச் செய்தார். 6,263 மீட்டர் உயர மலை. அது குண்டை இழுத்தது, ஆனால் எதிர்பார்த்ததில் மிகச் சிறு பங்கே இழுத்தது. எரிமலைதானே, உள்ளே குடைவாக இருக்குமோ என்று சந்தேகப்பட இடமிருந்தது. இமயத்தை அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

பிராட்டிடம் அப்போது விடை இல்லை. விடை சில வாரங்களில் கிரீனிச்சிலிருந்து வந்தது. அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி எழுதிய மறுமொழி, அதே இதழில் பிராட்டின் கட்டுரைக்கு அடுத்தபடியாகவே அச்சாகியிருக்கிறது. நான்கே பக்கம். ஐம்பது பக்க உழைப்பை நான்கு பக்கம் தாண்டிப் போவது அறிவியலில் அடிக்கடி நடக்கும் அநியாயம்.

ஏரியின் வாதம் மலையின் உச்சியில் தொடங்கவில்லை, அதன் சுமையில் தொடங்கியது. திபெத் போன்ற ஒரு மேட்டுநிலத்தை ஒரு மெல்லிய பாறை ஓட்டின் மேல் சும்மா தூக்கி வைத்தால் என்ன ஆகும்? ஓடு தாங்காது, பிளந்து இறங்கிவிடும். அப்படி இறங்காமல் நிற்கிறதென்றால், கீழிருந்து ஏதோ தாங்க வேண்டும். கட்டுமரத்தைப் போல என்றார் அவர். சேர்த்துக் கட்டிய மரங்களில் ஒன்றின் முதுகு மற்றவற்றைவிட நீர்மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால், அதன் அடிவயிறும் மற்றவற்றைவிட ஆழமாக நீருக்குள் இறங்கியிருக்கும் என்று பார்க்காமலேயே சொல்லிவிடலாம். மலைக்கும் அப்படி ஒரு அடிப்பாகம் உண்டு. அது எடை குறைந்த மேலோட்டுப் பாறையால் ஆனது. எடை மிகுந்த அடிப்பொருளை விலக்கிக்கொண்டு கீழே தொங்குகிறது. மேலே உள்ள மலை குண்டை வடக்கே இழுக்கும்போது, கீழே உள்ள கனக்குறைவு அந்த இழுவையின் பெரும்பகுதியை ரத்து செய்துவிடுகிறது.

இன்று நமக்குத் தெரிந்த எண்களைப் போட்டுப் பார்க்கலாம். கண்ட மேலோட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.8 மடங்கு. அதற்குக் கீழே உள்ள கவசத்தின் அடர்த்தி 3.3 மடங்கு. வித்தியாசம் அரை மடங்குதான். இந்த அரை மடங்கிலிருந்துதான் நிலத்தின் உயரம் முழுவதும் கிளம்புகிறது. மேலே ஒரு கிலோமீட்டர் மேடு நிற்க வேண்டுமானால், கீழே 2.8-ஐ 0.5-ஆல் வகுத்த அளவு, அதாவது 5.6 கிலோமீட்டர் வேர் தேவை. திபெத்தின் சராசரி உயரம் சுமார் 5 கிலோமீட்டர். வேர் 28 கிலோமீட்டர். கடல்மட்டத்தில் கிடக்கும் சாதாரண நிலத்தின் மேலோடு 35 கிலோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் கூட்ட 68 கிலோமீட்டர்.

ஏரி இறந்து நூறாண்டுக்குப் பிறகு, 1990-களில் இன்டெப்த் என்ற பன்னாட்டுக் குழு திபெத்தின் குறுக்கே நிலநடுக்கமானிகளை வரிசையாக வைத்து அடியாழத்தைத் துழாவியது. அதுவும் அதையடுத்து வந்த ஆய்வுகளும் கண்ட தடிமன் 70 கிலோமீட்டரை ஒட்டி நிற்கிறது. சில இடங்களில் 80-ஐ நெருங்குகிறது. மேலோட்டுக்கு ஓர் அடிவிளிம்பு இருப்பதே 1909-இல்தான் தெரியவந்தது. குரோவேஷிய அறிஞர் ஆந்திரியா மொகொரொவிச்சிச், அந்த ஆண்டு அக்டோபரில் சாக்ரெப் நகருக்குத் தெற்கே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் பதிவுகளைப் பார்த்தபோது, சில அலைகள் ஆழத்துக்குப் போய் வேகம் பிடித்துத் திரும்பியிருப்பதைக் கண்டார். அலைகள் சட்டென்று வேகம் பிடிக்கும் அந்த எல்லைக்கு இன்று மோகோ என்று செல்லப் பெயர். கண்டங்களுக்குக் கீழே அது 30 முதல் 80 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடலடித் தரைக்குக் கீழே ஏழு கிலோமீட்டரிலேயே வந்துவிடுகிறது.

இப்படிப் பார்த்தால் ஏரி வென்றுவிட்டார். பெரும்பாலான பாடநூல்கள் கதையை இங்கேயே முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் பாதிரியார் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பிராட்டுக்கு ஏரியின் விளக்கம் பிடிக்கவில்லை. உருகிய பாறை உறையும்போது சுருங்கும். சுருங்கினால் அடர்த்தி கூடும். அப்படியானால் உறைந்த மேலோடு உருகிய அடிப்பொருளைவிடக் கனமாக அல்லவா இருக்க வேண்டும், அது எப்படி மிதக்கும்? நியாயமான கேள்விதான். 1859-இல் அவர் தம் சொந்தக் கருத்தை முன்வைத்தார். ஆழத்தில் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் ஓர் அடித்தளம் இருக்கிறது. அதற்கு மேலே ஒவ்வொரு நிலத்தூணும் ஒரே எடைதான். பூமி குளிர்ந்தபோது அதிகம் சுருங்கிய தூண்கள் குட்டையாகிக் கடலடியாயின. குறைவாகச் சுருங்கியவை அடர்த்தி குறைந்து உயர்ந்து நின்று மலையாயின. ஏரிக்கு உயரம் என்பது தடிமன். பிராட்டுக்கு உயரம் என்பது அடர்த்தி. தூண்களின் எடை சமமாக இருக்கும் இந்த நிலைக்கு ஐசோஸ்டசி என்ற பெயரை அமெரிக்க நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் பின்னர் சூட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ஹேஃபோர்டு அமெரிக்காவின் அளவைகளைத் திருத்தியபோது பிராட்டின் வழியைத்தான் எடுத்துக்கொண்டார். கணக்குப் போட அது சுலபம் என்பதும் ஒரு காரணம்.

இமயத்தில் ஏரிக்குக் கிடைத்த வெற்றி, அமெரிக்காவின் மேற்கே போனால் கைநழுவிவிடுகிறது. நெவாடா மாநிலத்தின் பெரும்பகுதி வறண்ட உயர்நிலம்; சராசரி உயரம் 1,600 மீட்டருக்கும் மேல். கான்சஸ் சமவெளி, சராசரி 600 மீட்டர். ஏரியின் கணக்குப்படி நெவாடாவின் மேலோடு தடித்திருக்க வேண்டும். அளந்து பார்த்தால் நெவாடாவில் சுமார் 30 கிலோமீட்டர், கான்சஸில் சுமார் 45! கடந்த சில கோடி ஆண்டுகளாகக் கிழக்கு மேற்காக இழுபட்டு நெவாடாவின் மேலோடு மெலிந்துகிடக்கிறது. 15 கிலோமீட்டர் கூடுதல் தடிமனுக்குக் கான்சஸ்தான் இரண்டேகால் கிலோமீட்டர் மேலே நின்றிருக்க வேண்டும். மாறாக ஒரு கிலோமீட்டர் கீழே கிடக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான இந்தத் தவறு ஏதோ ஒரு மூலையில் நேர்ந்த விதிவிலக்கும் இல்லை. ஒரு கண்டத்தின் மூன்றில் ஒரு பகுதி முழுக்க இப்படித்தான் இருக்கிறது.

விடை சூடு. பாறை சூடானால் விரியும். ஒரு பாகை செல்சியசுக்கு அது விரியும் அளவு அற்பம்: கனஅளவில் லட்சத்தில் மூன்று பங்கு. ஆனால் தூணின் நீளம் அற்பமானதல்ல. 100 கிலோமீட்டர் ஆழமுள்ள ஒரு தூண் பக்கத்துத் தூணைவிடச் சராசரியாக 500 பாகை கூடுதல் சூடாக இருந்தால், அது ஒன்றரைக் கிலோமீட்டர் உயர்ந்து நிற்கும். மேலோட்டில் ஒரு கைப்பிடிப் பாறைகூடச் சேர்க்க வேண்டியதில்லை. நெவாடாவுக்கு அடியில் மெலிந்த மேலோட்டைச் சூடான கவசம் நெருங்கி வந்து தாங்குகிறது. கான்சஸுக்கு அடியில் இருப்பது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஆறிப்போன பழங்கண்டம்.

2007-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் டெரிக் ஹாஸ்டராக்கும் டேவிட் சாப்மனும் இந்தச் சூட்டின் பங்கைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் மேலோட்டின் தடிமன், பாறை வகை ஆகியவற்றால் வரும் உயரத்தை முதலில் கழித்தார்கள். எஞ்சியது வெப்பத்தோடு ஒத்துப்போயிற்று. பிறகு ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார்கள்: வட அமெரிக்கா முழுவதும் கனடாவின் பழம்பாறைக் கேடயத்தைப் போல ஆறிப்போயிருந்தால் எந்த ஊர் எங்கே இருக்கும்? மலையடிவார நகரமான டென்வர் கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே போய்விடும். நியூயார்க் 400 மீட்டருக்கும் அதிகமாக மூழ்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கும். சியாட்டில் மட்டும் எதிர்த்திசையில் உயரும். அதன் அடியில் குளிர்ந்த கடலடித் தட்டு ஒன்று நழுவி உள்ளே போய்க்கொண்டிருப்பதால், அந்த ஊர் கேடயத்தைவிடவும் குளிர்ந்த அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

கடலடியில் இதே விதி ஒளிவு மறைவின்றி வேலை செய்கிறது. அங்கே மேலோடு எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், பாறையும் ஒரே பசால்ட். மாறுவது வயது மட்டும். நடுக்கடல் முகடுகளில் புதிதாகப் பிறக்கும் தரை சூடானது. கடல்மட்டத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலேயே நிற்கிறது. முகட்டைவிட்டு விலக விலக அது ஆறி, சுருங்கி, தாழ்கிறது. எவ்வளவு தாழும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரமே இருக்கிறது: வயதை, பத்து லட்சம் ஆண்டுகளை ஓர் அலகாகக் கொண்டு எழுதி, அதன் வர்க்கமூலத்தை 0.35-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தாழ்வு. ஆறு கோடியே நாற்பது லட்சம் ஆண்டு வயதுள்ள தரைக்கு வர்க்கமூலம் 8, தாழ்வு 2.8, ஆழம் 5.3 கிலோமீட்டர். இன்னும் வயதான தரையில் இந்தத் தாழ்வு மெதுவாகிவிடும், அதுவரை சூத்திரம் பிசகுவதில்லை. குளிர்ந்து சுருங்கியது தாழும் என்று சொன்ன பிராட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவர் சொன்ன காரணம் வேறு, காலம் வேறு; ஆனாலும் கடலடிக்கு அவருடைய சித்திரம்தான் பொருந்துகிறது. 1871-இல் இறந்த அவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

தடிமன், சூடு போக மூன்றாவதாகப் பாறையின் சேர்மானம் இருக்கிறது. இதுதான் அதிகம் ஏமாற்றுவது. மேலோட்டின் அடிப்பகுதி போதிய ஆழத்துக்கு அமுங்கினால் அங்குள்ள கனிமங்கள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு கார்னெட்டாக மாறும். கார்னெட் மிகுந்த பாறையின் அடர்த்தி 3.5 வரை போகும். கவசத்தையே மிஞ்சிவிடுகிறது. அப்போது வேர் என்பது மலையைத் தாங்குவதற்குப் பதிலாகக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் 4,421 மீட்டர் உயர விட்னி சிகரம் இருக்கிறது. அதன் கீழே ஏரி கேட்கும் வேர் இல்லை, மேலோடு வெறும் 35 கிலோமீட்டர் அளவுக்குத்தான். அந்தப் பக்கத்து எரிமலைக் குழம்புகள் ஆழத்திலிருந்து அள்ளி வந்த பாறைத் துண்டுகளைப் பார்த்தார்கள். சுமார் ஒரு கோடி ஆண்டுக்கு முந்திய குழம்பில் கார்னெட் பாறை நிறைய இருந்தது. முப்பது நாற்பது லட்சம் ஆண்டுக்கு முந்திய குழம்பில் அது காணோம். இடைப்பட்ட காலத்தில் கனத்த வேர் பிய்ந்து கவசத்துக்குள் மூழ்கிவிட்டது என்பதே பெரும்பாலோர் எடுத்த முடிவு. சுமை கழன்றதால்தான் மலை எழுந்ததா, முன்பே உயரமாக இருந்ததா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு யோசனையும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஜோன்ஸும் அவருடைய சகாக்களும் 2015-இல் முன்வைத்தது. தட்டு விளிம்புகளிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மடிப்போ பிளவோ இல்லாமல், அமெரிக்க உயர்சமவெளி ஏன் இவ்வளவு மேலே நிற்கிறது? அவர்கள் கைகாட்டுவது தண்ணீரை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஃபாரலான் என்ற கடலடித் தட்டு கண்டத்தின் அடியில் ஏறத்தாழ படுக்கையாக நழுவிப் போனது. அதிலிருந்து கசிந்த நீர் மேலோட்டின் அடிப்பாறைக்குள் ஏறி, கனத்த கார்னெட்டை மைக்கா போன்ற நீர் கலந்த இலகுவான கனிமங்களாக மாற்றியிருக்கும். பாறை இலகுவானதால் நிலம் எழுந்தது. ஒரு கருதுகோள்தான், ஆனால் அழகானது: கடலில் மூழ்கிய தட்டு, போகிற போக்கில் ஒரு கண்டத்தின் நடுப்பகுதியைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறது.

நிலத்தின் உயரம் இப்படி மேலோட்டின் குணத்தில் கட்டுண்டிருப்பதால், ஒரு கண்டம் மூழ்குவது நாம் கதைகளில் கேட்பதுபோல் ஓரிரவு காரியம் இல்லை. நியூசிலாந்தைச் சுற்றி ஏறத்தாழ 49 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஜீலாண்டியா என்ற கண்டம் கிடக்கிறது. அதில் 94 விழுக்காடு நீருக்குள். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்தபோது இழுபட்டு அதன் மேலோடு மெலிந்துவிட்டது. சாதாரணக் கண்டத்துக்கு 35, 40 கிலோமீட்டர் இருக்கும் இடத்தில் அதற்குப் பெரும்பாலும் 10 முதல் 30 வரைதான். தட்டுகள் மோதி மேலோடு மறுபடி தடித்த ஒரு துண்டு நியூசிலாந்தின் தென்தீவாக வெளியே தெரிகிறது. கவனியுங்கள்: மூழ்கியும் அது காணாமல் போகவில்லை. கருங்கல் வகைப் பாறை அங்கேயே இருக்கிறது, துளையிட்டால் கையில் வருகிறது.

குமரிக்கண்டத்தைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது இந்த ஒரு அம்சம் விடுபட்டுப் போகிறது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயர் 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்கச் சொன்னது. தட்டுகள் நகரும் என்று தெரியாத காலம். குமரிமுனைக்குத் தெற்கே ஆழ்கடலின் அடியில் இருப்பது சுமார் ஏழு கிலோமீட்டர் தடிமனுள்ள பசால்ட் மேலோடு, முகடுகளில் ஊறி விரிந்து வந்தது. அங்கே மூழ்கிய பெருங்கண்டம் இருந்திருந்தால் அதன் தடித்த, இலகுவான மேலோடு நிலநடுக்க அலைகளிலும் ஈர்ப்பு அளவீடுகளிலும் காட்டிக்கொடுத்திருக்கும். மொரீஷியஸின் எரிமலைப் பாறையில் 300 கோடி ஆண்டு வயதான சிர்கான் மணிகள் கிடைத்ததும், கீழே ஒரு கண்டச் சில்லு புதைந்திருக்கிறது என்று சொல்ல முடிந்தது. அவ்வளவு சிறியதே ஒளிய முடியவில்லை. கரையோரத்தைக் கடல் கொண்டது என்பது வேறு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை தரையாக இருந்தது. பின்னர் பனி உருகி நீர் ஏறியது. அங்கே நிலம் தாழவில்லை, தண்ணீர் உயர்ந்தது. பழைய கடல்கோள் நினைவுகளுக்கு இது போதாதா? கண்டம் வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்ததில்லை.

மலைகள் தேயும் விதமும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. மழையும் ஆறும் ஒரு மலைத்தொடரின் மேலிருந்து ஒரு கிலோமீட்டர் பாறையைச் சீவி எடுத்தால், உயரம் ஒரு கிலோமீட்டர் குறையாது. சுமை குறைந்ததும் வேர் மேலெழும், 2.8-ஐ 3.3-ஆல் வகுத்தால் வருவது 0.85. எனவே 850 மீட்டர் கீழிருந்து திரும்பி வந்துவிடும், நிகர இழப்பு 150 மீட்டர்தான். ஒரு மலையை முழுதாகக் கரைக்க, அதன் உயரத்தைப் போல் பல மடங்கு பாறையைச் சுமந்து கடலில் கொட்டியாக வேண்டும். அதற்குள் ஆழத்தில் வெந்த பாறை மேலே வந்து வெயில் காய்கிறது.

சென்னையில் பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் போனால் அதைத் தொட்டுப் பார்க்கலாம். நீலச் சாயல் கொண்ட அந்தக் கருங்கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்த கல் இதே வகை என்று கண்டு, நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். அந்தக் கல்லே மதராஸ் பக்கத்திலிருந்து போனதுதான். அதன் கனிமங்கள், அது 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 பாகைக்கும் மேற்பட்ட சூட்டில் உருவானது என்று சொல்கின்றன. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அவ்வளவு பாறையும் மேலிருந்து தேய்ந்து போயிருக்கிறது, இருந்தும் கீழே இன்னும் 35 கிலோமீட்டருக்குக் குறையாத மேலோடு மிச்சம். அப்படியானால் ஒரு காலத்தில் இங்கே மேலோடு 55, 60 கிலோமீட்டர் தடித்திருக்க வேண்டும். ஏரியின் விதியை நம்பினால், பல்லாவரத்தில் கல்லுடைத்தவர்கள் ஒரு மாமலையின் அடிவயிற்றில் உளி வைத்திருக்கிறார்கள். 1802-இல் வில்லியம் லாம்டன் தென்னிந்திய அளவையின் முதல் அடிக்கோட்டை இழுத்ததும் இந்தப் பரங்கிமலைக்கு அருகில்தான். கலியானா வரை நீண்ட சங்கிலி அங்கிருந்து கிளம்பியது.

அரிப்பு ஒரே சீராக நடந்தால் மலை தாழும். பள்ளத்தாக்கு மட்டும் ஆழமாக வெட்டப்பட்டால், பள்ளத்தில் குறைந்த சுமைக்காகச் சுற்றுவட்டாரம் முழுவதும் எழும். வெட்டுப்படாத சிகரமும் சேர்ந்து எழும். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 89,000 ஆண்டுகளுக்கு முன் கோசி ஆறு அருண் ஆற்றைத் தன்னோடு இணைத்துக்கொண்டபின் அரிப்பு வேகம் பிடித்ததாகவும், அதனால் எவரெஸ்ட் 15 முதல் 50 மீட்டர் வரை கூடுதலாக உயர்ந்திருப்பதாகவும் மதிப்பிட்டது. சிகரத்தின் உயரத்தில் ஒரு பங்கை ஆறு கொடுத்திருக்கிறது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏரி, பிராட் இருவருமே ஒவ்வொரு தூணும் பக்கத்துத் தூணோடு ஒட்டாமல் தனியே ஏறி இறங்கும் என்று வைத்துக்கொண்டார்கள். உண்மையில் பாறைத் தட்டுக்கு விறைப்பு உண்டு. இமயத்தின் சுமை அதன் நேர் அடியை மட்டும் அமுக்கவில்லை; இந்தியத் தட்டையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வளைத்துவிட்டது. அந்த வளைவுப் பள்ளத்தில் மலையிலிருந்து வந்த வண்டல் நிரம்பியதுதான் கங்கைச் சமவெளி. அடிவாரத்தையொட்டி வண்டல் சில இடங்களில் 4 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். கலியானாவில் குண்டைத் தொங்கவிட்டவர்கள் நின்றது அந்தப் பள்ளத்தின் மேல். அவர்களுக்குக் கிடைத்த ஐந்தேகால் விநாடியில் அந்த வண்டலின் கனக்குறைவுக்கும் பங்கிருக்கிறது.

இத்தனை ஏற்ற இறக்கத்துக்கும் கவசம் இடம்கொடுத்து விலக வேண்டும். அது திடப்பொருள், ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல வழியும். எவ்வளவு மெல்ல என்பதைச் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே உள்ள போத்னியா வளைகுடாவில் பார்க்க முடிகிறது. பனியூழியில் அங்கே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் தடிமனுள்ள பனி உட்கார்ந்திருந்தது. அந்தச் சுமைக்குத் தரை எண்ணூறு மீட்டர் அளவுக்கு அமுங்க வேண்டும். பனி போய்ப் பத்தாயிரம் ஆண்டு ஆகியும் தரை இன்னும் முழுதாக நிமிரவில்லை. ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர் அளவில் எழுந்துகொண்டே இருக்கிறது. சுவீடனின் உயர்கடற்கரையில் பழைய கரைக்கோடு இன்றைய நீர்மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே இருக்கிறது. வெப்பமானியால் நாம் அறிந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1731-இல் லோவ்கிரண்ட் தீவில் ஒரு பாறையில் நீர்மட்டத்தைச் செதுக்கி வைத்தார். ஆண்டுகள் போகப் போக நீர் கீழே போயிற்று. கடல் வற்றுகிறது என்று அவர் நினைத்தார். அன்று கிடைத்த சான்றுகளுக்கு அதுவே நியாயமான முடிவு.

அக்கரை இக்கரை ஊர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. துறைமுகம் தூர்ந்துபோய், சுவீடனின் லூலியோ 1649-இலேயே கடல் பக்கம் நகர்ந்தது. பின்லாந்தின் வாசா 1852-இல் தீப்பிடித்து எரிந்தபோது, அதே இடத்தில் கட்டாமல் சுமார் ஏழு கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் புதிதாகக் கட்டினார்கள். பழைய துறைக்குக் கப்பல் வருவது எப்போதோ கடினமாகியிருந்தது. வாசாவை அடுத்த குவார்க்கன் தீவுக்கூட்டத்தில் ஆண்டுதோறும் சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் புதுநிலம் வெளிவருகிறது. வளைகுடாவின் மிகக் குறுகலான, ஆழமில்லாத இடம் அது. இதே வேகம் நீடித்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் குவார்க்கன் இரு நாடுகளையும் தரைவழியாக இணைத்துவிடும். அதற்கு வடக்கே உள்ள கடல் ஏரியாகிவிடும்.